தொங்கலுக்கு அளவெடுத்தது

கம்பமெட்டில் செக்போஸ்ட் தாண்டி
மூன்றாவது கடை என்னுடையது.
ஏலக்காய் பறிக்க மடிப்பை, பள்ளிக்கூடப் பாவாடை,
ஜீப்புக்கு மழைப் படுதா,
எது கொண்டுவந்தாலும் தைப்பேன்.

குரியாச்சன் கொண்டுவந்தது ஒரு சேணக் கணக்கு.
"குதிரைக்கில்லை சேச்சி, எனக்கு.
மரத்தில் ராத்திரி முழுக்க உட்காரணும்."

பஞ்சாயத்து கொடுத்த காகிதம் சட்டைப் பையில்.
பன்றியைச் சுடலாம், வேறெதையும் கூடாது.
கப்பைத் தோட்டத்து ஓரம் ஒரு பலா.
ஆன்லைனில் வாங்கின ஹார்னஸை மேசையில் போட்டார்.
தராசில்லாமலே கை சொன்னது, மூன்று கிலோ.
கொக்கியும் கொக்கியும் மோதினால் கோயில் மணி.
ஒட்டுப்பட்டையைப் பிரித்தால்
அணக்கரை வரைக்கும் பன்றி முழித்துக்கொள்ளும்.

வேட்டியை ஒதுக்கித் தொடையில் இரண்டு கோடு காட்டினார்.
அவரும் வெட்கப்படவில்லை, நானும்.
பாவாடை நாடா இடுப்பில் பதித்த கோடு
எனக்கும் உண்டு, இருபது வருஷமாய்.
ஒல்லியானது வெட்டும்.
அகலமானதுதான் தாங்கும்.

உத்தமபாளையத்துப் பழைய இரும்புக் கடையில்
நசுங்கின கார்களிலிருந்து அறுத்த சீட் பெல்ட்,
மீட்டருக்கில்லை, கிலோவுக்கு விலை.
ஏதோ ஒன்று யாரையோ காப்பாற்றியிருக்கும்,
ஏதோ ஒன்று கைவிட்டிருக்கும்.
துவைத்துக் கொடியில் போட்ட பிறகு
எது எதுவென்று தெரியவில்லை.

உட்காருமிடத்துக்கு ஒரு சாண் அகலம்,
தொடைக்கு அடியில் இறங்கிக்கொள்ள இன்னொரு பட்டை.
தார்ப்பாய் ஆகாது, சரசரக்கும்.
பழைய கொசுவலையை நாலாய் மடித்தேன், வேர்வை ஓடட்டும்.
பக்கிளுக்கு சைக்கிள் ட்யூப் உறை.
சேருகிற இடமெல்லாம் கட்டம் அடித்து
கட்டத்துக்குள் பெருக்கல் குறி,
செருப்புத் தைக்கிற நைலான் நூலில்.
பதினெட்டாம் நம்பர் ஊசி இரண்டு முறிந்தது.
முடித்துத் தூக்கினால் எண்ணூறு கிராம்.

போட்டுப் பார்க்காமல் எதையும் கொடுப்பதில்லை நான்.
கடைக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தில்
நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு
தரையிலிருந்து மூன்றடியில் தொங்கினேன்.
மெஷினுக்கு முன் குனிந்தே கிடந்த முதுகு
பின்னால் சாய்ந்தது.
மரத்தில் ஏறின மிளகுக் கொடியில்
இலைக்கு அடிப்பக்கம் வேறொரு பச்சை.
டீக்கடை ரெஜி கிளாசோடு வந்து நின்று
கொஞ்ச நேரம் பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான்.

வெள்ளி ராத்திரி ஏறினார் குரியாச்சன்.
சனிக்கிழமை நான் ஷட்டர் தூக்கும்போது
வாசலில் நிற்கிறார்,
கன்னத்தில் பலா மரப்பட்டையின் அச்சு.
"சுகம், சேச்சி. வல்லாத்த சுகம்."
பன்னிரண்டு மணி வரை ஞாபகமாம்.
அப்புறம் கோழி கூவியதாம்.
கீழே நாற்பது மூடு கப்பை, உழுது போட்ட மாதிரி.
அவர் தூங்கின அதே மரத்தில்
முதுகு உரசிவிட்டுப் போன சேறு,
தொட்டால் ஈரம்.

சேணத்தை மேசையில் வைத்தார்.
"கொஞ்சம் குத்தணும்."

பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், தளர்த்தச் சொல்லியிருக்கிறார்கள்,
பிள்ளை வளரும், மடிப்பில் துணி விடுங்கள் என்பார்கள்.
இந்தத் திருத்தம் இதுவரை வந்ததில்லை.

பிடறியில் அரிக்கிறதென்று
யூனிஃபார்ம் சட்டையில் நான் பிரித்தெடுத்த லேபிள்கள்
ஒரு டப்பா கிடக்கின்றன.
ஒன்றை வைத்துப் பார்த்தேன்.
பேன்ட் துணிக்கு அது எந்த மூலை?
கடைசியில் மழைக்கோட்டுப் பொத்தான் ஒன்று, பெரியது,
வால் எலும்புக்கு நேராக வைத்து
பன்னிரண்டு சுற்று நூல் ஓட்டினேன்.
அவரே உட்கார்ந்து பார்த்து, "அய்யோ" என்று எழுந்து,
"இது போதும்" என்றார்.
அறுபது ரூபாய் கேட்டேன். ஐம்பது வைத்தார்.

பன்றி கிடைத்ததா என்று கேட்காதீர்கள்,
நானும் கேட்கவில்லை.

மிச்ச பெல்ட்டில் இன்னொன்று தைத்திருக்கிறேன்,
என் அளவுக்கு.
பொத்தான் கிடையாது.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
பாவாடைக்கு ஜிப் போச்சென்று வந்து
ஷட்டரைத் தட்டாதீர்கள்.